எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற கிரேன் லாரி

சமயநல்லூர்,
மார்ச் 1947

சிரஞ்சீவி தம்பி ஜனகராஜுக்கு அக்காள் சூடாமணி எழுதுவது. நீயும் ராதாமணியும் தம்பதிகளாய்த் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இவ்விடம் நான் க்ஷேமம்; கிணறு க்ஷேமமில்லை.

எங்கள் பள்ளிக்கூட ஹாஸ்டல் பம்பு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீரில்லை என்று எழுதியிருந்தேன். நான் கேட்டது நாலு ஆளும் ஒரு கப்பியும். நீ அனுப்பியது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த கிரேன் லாரியும் டிரைவர் பேயாண்டியும். இதோ இருக்கிற மதுரையிலிருந்து இங்கே வர அவருக்கு ஒரு முழுப்பகல் ஆயிற்று. வழிமறித்தவர்களுக்கெல்லாம் கிரேனால் எதையாவது தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டால், "இம்புட்டுப் பெரிய கைய வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்ல முடியுமாம்மா?" என்கிறார்.

வந்ததும் லாரிக்குப் பூசை. பாரம் தூக்கும்போது வண்டி சாயாமலிருக்க இருபுறமும் இரும்புக்கால்களை இறக்கி, அடியில் கனத்த பலகை கொடுக்க வேண்டும். டிரைவர் ஆசனத்துக்கு எதிரில் இங்கிலீஷில் தகடே அடித்திருக்கிறது. இவர் அந்தப் பலகைகளை அடுக்கி, மேலே பொங்கலும் பூசணிக்காயும் வைத்துப் படையல் போட்டுவிட்டார். கால்களுக்கடியில் எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு வைத்துவிட்டுக் காலுக்கு வைக்காவிட்டால் குறையாகிவிடுமாம்.

தகட்டைப் படித்து அர்த்தம் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் மண்ணுக்கு எழுதுனதும்மா. சாமிக்குப் படைச்ச பலகைய வண்டி மிதிக்கலாமா?" என்றார். சமையற்காரி ஒச்சாயியும், "டீச்சரம்மா, சாமி காரியத்துல வாயக் குடுக்காதீக" என்று என்னையே அடக்கினாள்.

பம்பு கிணற்றின் விளிம்புவரை வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, தூர்வாரிக் கொட்டிய பொலபொலத்த மண்ணில் ஒரு கால் புதைந்தது. லாரி சாய்ந்தது. பம்பு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் வெளியே உருண்டு வந்தது. பேயாண்டி அதைத் துடைத்துப் பார்த்து, "பழம் நசுங்கல பாத்தீகளா? நல்ல சகுனம்" என்கிறார்.

கிணற்றின் ஆழத்துக்குக் கையால் இறைக்க முடியாது; பெண்கள் வைகையில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் சுமந்து வருகிறார்கள். இப்படியே போனால் பரீட்சைக்கு முன்பே ஹாஸ்டலைப் பூட்ட வேண்டியதுதான். ஊருக்குப் போனால் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவிடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். இது உனக்கு விளங்குமோ என்னவோ.

கடிதம் கண்டதும் லாரியையும் டிரைவரையும் கட்டி இழுத்துக்கொண்டு போ. இனி எந்த இயந்திரமும் என் வாசலுக்கு வரக் கூடாது. ராதாமணிக்கு என் ஆசி. உனக்கும் உண்டு, கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
சூடாமணி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு மாறுதல். பேயாண்டி நேர்த்திக்கடன் என்று பேரையூர் போய்விட்டார். நாங்களே புதைந்த இரும்புக்காலைத் திருகி மேலேற்றி, பலகை கொடுத்து, மறுபடி இறக்கி லாரியை நிமிர்த்தினோம். ஒச்சாயியின் புருஷன் மொக்கைச்சாமி கிணற்றுக்குள் இறங்கிக் கொக்கி மாட்டினார். தகட்டில் உள்ளபடி லீவரை இழுத்தது நான். பம்பு வெளியே வந்துவிட்டது, உடைந்துபோய். அது சரியாகும்வரை கொக்கியில் பீப்பாயைக் கட்டி நானே தண்ணீர் இறைக்கிறேன், ஹாஸ்டலைப் பூட்டவில்லை. ஆகவே டிரைவரை மட்டும் அழைத்துக்கொள். லாரி இருக்கட்டும். பெட்ரோல் அனுப்பு. கூடவே நாலு எலுமிச்சம்பழம். அது இல்லாமல் ஒச்சாயி என்னை லீவரைத் தொட விடமாட்டேன் என்கிறாள்.