ஷேர் கேட்டு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதில் ஒரு தொல்லை உண்டு. நமக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புவதற்கு முன்பே நாம் நம்பிவிடுவோம்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. சிங்கவரம் வீட்டிலிருந்தே எனக்கு வேலை. "சம்பளம் கம்மிதான், ஆனா ஷேர் ஆப்ஷன் உண்டு" என்றார் முதலாளி. அதாவது, இரண்டு வருடம் வேலை பார்த்தால் கம்பெனியின் பங்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் வாய்ப்பேச்சு. (எழுதிக் கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாராம்!) இரண்டு வருடம் முடிந்து கேட்டால், "அப்படி எதுவும் சொல்லவே இல்லையே" என்றார்.

நைனாவோடு செஞ்சி கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் போனேன். அவரிடம் வருவதெல்லாம் வண்டி கேஸ். பஸ் ஹாரன்களுக்கு நடுவே படபடவென்று சொன்னேன்: "ஷேர் ஆப்ஷன் தர்றேன்னாங்க சார். அத நம்பி ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். இப்ப இல்லன்றாங்க."

"பொம்பளப் புள்ள ரெண்டு வருஷம் ஓட்டியிருக்குது, ஏமாத்துறானா?" என்று கொதித்தார் வக்கீல். பெண்களுக்காக இப்படிக் கொதிக்கும் மனிதரா என்று உருகிப்போனேன்.

மறுநாள் நோட்டீஸை நீட்டினார். "ஒரு தரம் படிச்சிப் பாத்துடும்மா."

"எங்க பாப்பா படிக்காததா சார்?" என்றார் நைனா, மீசையைத் தடவியபடி.

அதற்குப் பிறகும் உட்கார்ந்து படிப்பது கௌரவக் குறைச்சல் இல்லையா? கையெழுத்துப் போட்டேன்.

முதலாளியின் பதில் வந்ததும் வக்கீல் சத்தமாக வாசித்தார்: "தங்கள் கட்சிக்காரருக்கு ஷேர் ஆட்டோ தருவதாக நான் ஒருபோதும் சொல்லவில்லை. ஆர்.சி. புக், பர்மிட்டுடன் ஒப்படைக்கும் கேள்விக்கே இடமில்லை. வேலையில் சேர்ந்தபோது சொன்னது, இரண்டு வருடம் கழித்து ஷேர் ஆப்ஷன் என்பது மட்டுமே."

எங்கள் நோட்டீஸின் நகலை அப்போதுதான் எடுத்துப் படித்தேன்; வரிக்கு வரி ஷேர் ஆட்டோ.

"இன்னா பாப்பா, ஆட்டோவா கேட்ட?" என்றார் நைனா. "உனக்கு சைக்கிளே நேரா வராதே!"

வக்கீல் மட்டும் கடைசி வரியிலேயே நின்றார். "சொல்லவே இல்லன்னவன், சொன்னேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டான்மா! நம்மகிட்ட இல்லாத சாட்சிய அவனே தபால்ல அனுப்பிட்டான். இனிமே வாக்குப்படி ஷேரயே குடுன்னு கேஸ் போடலாம், இல்லாங்காட்டி நஷ்டஈடு கேக்கலாம்."

இரண்டாவது நோட்டீஸை ஒற்றுப்பிழை வரை பார்த்துத்தான் அனுப்பினேன். கோர்ட்டுக்குப் போகாமலே வழிக்கு வந்தார் முதலாளி.

பங்குகள் இப்போது என் பெயரில் இருக்கின்றன. ஆனால் நைனா டீக்கடையில் சொன்னது ஆட்டோ கதையைத்தான். இன்றும் நான் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினால், "ஓனரம்மா, பின்னால குந்துறியா, இல்ல நீயே ஓட்றியா?" என்கிறார்கள் டிரைவர்கள்.

ஓனர் என்பதற்காக ஒருவரும் ஒரு ரூபாய்கூடக் குறைத்து வாங்கியதில்லை.