துண்டு போட்டால் டீ கிடையாது

செங்கல்பட்டில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் தாலுகா ஆபீசுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பாய். மற்றவர்களெல்லாம் சும்மா சத்தம் போடுகிறவர்கள். பாய் கோபப்பட்டது ஒரு நாற்காலிக்காக. அதுவும் அவருடையதில்லை, சர்க்காருடையது.

அதிகாரி அறையில் கிடந்த பழைய தேக்கு நாற்காலி. வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பார் ஹெட்கிளார்க். சதுரங்கப்பட்டினத்துக்காரரான பாயோ, எங்க ஊர் டச்சுக்காரன் கோட்டையிலிருந்து வந்தது என்று அடித்துப் பேசுவார். ஆதாரம் இருவரிடமும் இல்லை. முட்டை வடிவ முதுகு, நடுவில் செதுக்கிய ஜாடி, சுற்றிலும் இலை மாலை. அதை மூடித்தான் வந்த அதிகாரிகள் எல்லோரும் வெள்ளை டர்க்கி டவல் போட்டார்கள். டீ கொண்டுவரும்போதெல்லாம் பாய் துண்டை உருவி மேசைமேல் வீசுவார். ஒருமுறை அதிகாரி சாய்ந்திருக்கும்போதே உருவினார்.

வேலையில் சேர்ந்த அன்று, விவரம் தெரியாமல் என் சாப்பாட்டுப் பையை அதில் மாட்டிவிட்டேன். ஒரு வாரம் எனக்கு டீ இல்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எனக்கும் கோபம் வந்தது. இதே நாற்காலி முன்னால் என் அப்பா பட்டாவுக்காகக் கைகட்டி நின்றிருக்கிறார், பார்த்தாலே எரிகிறது என்றேன் பாயிடம்.

"நிக்க வெச்சவன் மேல எரிஞ்சு வுழு நைனா. மரம் இன்னா பண்ணுச்சு?" என்று என்னைத் தரையில் குந்தவைத்தார். "காலப் பாரு. கீழ வர வர ஒல்லியாவுது. வரி வரியா பள்ளம், மகாபலிபுரத்துத் தூணு கணக்கா. ஆனா ஆடுதா? கை முடியற எடம் அலை மாதிரி சுருண்டுகினு கீது. ஒரு ஆணி கெடயாது."

தேடினேன். நிஜமாகவே ஆணி இல்லை. என் கோபம் தீரவில்லை. நாற்காலியை விட்டு, அதில் உட்கார்ந்தவர்கள் பக்கம் திரும்பியது.

அடுத்து வந்த அதிகாரி புது கம்ப்யூட்டர் மேசை வாங்கினார். நாற்காலியின் கைகள் அதனடியில் நுழையவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு கையையும் அறுத்துவிடச் சொன்னார். சேதி கேட்டதும் பாய் அடுப்பை அணைத்தார். பதினோரு மணிக்கு ஆபீஸ் முழுக்கத் தலைவலி. பாய் நேராக உள்ளே வந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுருண்ட கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அறு."

ஆசாரி ரம்பத்தைச் சாக்கில் சுருட்டினார். "நீ படிச்சவன், இந்தாளுக்கு எடுத்துச் சொல்லுப்பா" என்றார் அதிகாரி என்னிடம். நான் வெளியே போய் எட்டு செங்கல் கொண்டுவந்து மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தேன். கைகள் நுழைந்தன. அதிகாரியின் மோவாய் மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

இரண்டே நாளில் அவர் சுழல் நாற்காலிக்கு மாறினார். பழையது இரண்டு கையோடும் ரெக்கார்டு ரூமுக்குப் போனது. நான் சிறுசேரிப் பக்கம் தூக்கியடிக்கப்பட்டேன். கிளம்பும்போது பாய் காசு வாங்காமல் டீ கொடுத்து, குடித்து முடிக்கும்வரை திட்டினார். நான் வைத்த செங்கல்லில் ஒன்று ஆடியதாம்.

புது ஆபீசில் என் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மரியாதையாகத் துண்டு போட்டிருந்தார்கள். எடுத்து மடித்து வைத்தேன். டீ வந்தது. கொண்டுவந்தவர் யாரையும் திட்டவில்லை. வாயில் வைக்க முடியவில்லை.