கிளி ஸ்வெட்டரும் முதல் போணியும்

சில்வஸ்டர் அன்றைக்கு ஷேவ் செய்துகொள்ளும்போதே தீர்மானம் பண்ணிவிட்டார். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தே தீருவது. கண்ணாடி முன்னால் ஒத்திகையும் நடந்தது.

"பாய், இது வேண்டாம். பணத்தக் குடுங்க."

கண்ணாடிக்குள் இருந்த ஆள் பயந்துபோய் உடனே கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது. கன்னத்தில் பிளேடு பட்டதைத் தவிர ஒத்திகையில் குறை ஒன்றுமில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவர் ஹெட் கிளார்க். ஆபீஸில் அவர் தொண்டையைச் செருமினால் லாரி டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள். அதே தொண்டை கடைத்தெருவுக்கு வந்தால் கட்டிக்கொள்ளும். காய்கறிக்காரர் அவர் கண்ணெதிரிலேயே சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட்டாலும், "பரவால்லீங்க, போடுங்க" என்பார். ஒரு தடவை, செருப்புக் கடைக்காரர் மனசு நோகக் கூடாதென்று ஒரு நம்பர் சின்னச் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மெட்டில்டா சொல்வாள். உட்கார நேரம் இருக்கிறவர்கள் மட்டும் கேட்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கடைக்காரரிடம் வராத "வேண்டாம்" பெண்டாட்டியிடம் மட்டும் தாராளமாக வரும். மெட்டில்டா எதைக் கேட்டாலும் முதல் பதில் "வேண்டாம்". வற்புறுத்தினால் இரண்டாவது பதில், "அடுத்த மாசம் பாக்கலாம்." அந்த அடுத்த மாசம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

ஸ்வெட்டர் வீட்டுக்குள் வந்ததும் இந்தக் கூச்சத்தால்தான். முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஹபீப் முகமது பாய் கடையில் ஒதுங்கினார். ஒதுங்கியவர் சும்மா வெளியேறலாமா? நின்றதற்கு வாடகை மாதிரி, எதிரே தொங்கிய ஸ்வெட்டரை வாங்கிவிட்டார். எலுமிச்சை மஞ்சள். நெஞ்சுக்கு நடுவே இரண்டு பச்சைக் கிளிகள்.

"ஏனுங்க, இது என்னது?" என்றாள் மெட்டில்டா.

"ஸ்வெட்டர். உனக்குத்தான்."

"அது தெரியுது. இதுமேல என்ன?"

"கிளி."

"கிளியா? வாழக்காய் ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். இதப் போட்டுக்கிட்டு நான் பூசைக்குப் போனா ஃபாதர் பிரசங்கத்த மறந்துட்டு என்னையே பாப்பாரு. திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"சரி, குடுத்துர்றேன்."

"நீங்களா?"

"நானேதான்."

"போங்க. உங்களால முடியாதுங்க."

ஆம்பிளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அல்லது, சமயம் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை. சில்வஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"குடுத்துட்டு வந்தா?"

"வந்தா, சனிக்கிழம நீங்க உங்க ஃப்ரெண்டு ராஜசேகரோட மசினகுடி போங்க. ஜீப்புல ஏறுங்க. யானையப் பாருங்க. யானையும் உங்களப் பாக்கட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி, எங்கண்ணன் பந்தலூர்ல இருந்து குடும்பத்தோட வர்றாரு. நீங்கதான் எல்லாரையும் சிம்ஸ் பார்க் கூட்டிட்டுப் போவோணும்."

மச்சான் தனசிங் நல்ல மனிதர். ஆனால் பார்க்குக்குப் போனால் ஒவ்வொரு மரத்திலும் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு, "என்ன மாப்ள, கேட்டுச்சா?" என்று வேறு கேட்பார். போன தடவை பாதிப் பார்க்தான் முடிந்திருந்தது.

"காலையில மொத வேலையாப் போயிருங்க" என்றாள் மெட்டில்டா, திடீரென்று இரக்கம் வந்தவள் போல. "கூட்டம் இருக்காது. நாலு பேரு முன்னால திருப்பிக் குடுக்கறதுன்னா உங்களுக்கும் சங்கடம்."

அந்தக் கரிசனத்தில் சில்வஸ்டர் உருகிப்போனார். ஆபீஸுக்குப் போன் போட்டு அரை நாள் லீவ் சொன்னார்.

ஹபீப் பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். வெளியே தூறல். மார்க்கெட் முழுக்க மூடுபனி. அதற்குள்ளிருந்து சில்வஸ்டர் கையில் பையோடு வெளிப்பட்டதைப் பார்த்ததும் பாய் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க வாங்க! இந்த மழையில மொத ஆளா வந்திருக்கீங்களே! உங்க கையால போணி ஆனா இன்னிக்கு ஏவாரம் ஓஹோன்னு ஓடுமுங்க."

சில்வஸ்டரின் பை முதுகுக்குப் பின்னால் போனது.

போணி! அதை யோசிக்கவே இல்லையே! கடை திறந்ததும் நடக்கிற முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். அது ஆவதற்கு முன்னால், விற்ற சரக்கைத் திரும்ப வாங்கினால் அன்றைக்குப் பூராவும் வியாபாரம் படுத்துக்கொள்ளும். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதமில்லாமல் குன்னூர் கடைக்காரர்கள் கட்டிக்காக்கும் சட்டம் இது. அரசாங்கம் போட்ட சட்டத்தைக் கொஞ்சம் வளைப்பார்கள். இதை வளைக்க மாட்டார்கள். விடியற்காலையில் சரக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறவனைப் பார்க்கிற பார்வையே வேறு.

"பையில என்னங்க சார்?"

"ஒண்ணுமில்ல பாய். டிபன்."

"டிபனா? அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உக்காருங்க." ஃபிளாஸ்க்கிலிருந்து டீயும், காகிதத்தில் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் வந்தன.

வர்க்கியைத் தின்றுகொண்டே சில்வஸ்டர் திட்டத்தை மாற்றினார். வேறு யாராவது வந்து போணி பண்ணட்டும். அதற்கப்புறம் கொடுத்துவிடலாம். எளிதான வேலை. ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் வரவில்லை. தெருவில் ஒரு நாய் போயிற்று. அதே நாய் திரும்பி வந்தது. சில்வஸ்டர் கடை வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். கடைசியில் குடையோடு ஒரு பெண் வந்தாள். பார்த்தால், அவர் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஜெபிஷா.

"ஜெபிஷா! வாம்மா, வா! உள்ள வா! நல்ல நல்ல ஸ்வெட்டரெல்லாம் இருக்குது!"

ஜெபிஷா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், லீவ்னு சொன்னாங்க. நீங்க இங்க வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"இல்லம்மா, சும்மா. இந்த ஸ்கார்ஃப் பாரு. உனக்கு எடுப்பா இருக்கும்."

"எங்கிட்ட இருக்குதுங்க சார்."

"ஒரு சாக்ஸாச்சும்?"

"ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்கேனுங்க சார். பஸ் வந்துரும்." நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் இந்தச் சேதி ஃபேக்டரி வரைக்கும் போய்விடும் என்று அந்தப் பார்வையே சொல்லியது.

சில்வஸ்டருக்கு அப்போது ஒரு பிரமாதமான யோசனை வந்தது. போணிதானே ஆக வேண்டும்? நாமே பண்ணிவிட்டால்?

"பாய், ஒரு ஜோடி சாக்ஸ் குடுங்க."

"போணிக்குப் போயி காலுக்குப் போடறதா சார்?" பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தலைக்குப் போடற மாதிரி பாருங்க."

தலைக்குப் போடுவது என்றால் மங்கி குல்லா. அழுக்குப் பச்சையில், கண் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று. பாய் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். போணி ஆயிற்று.

சில்வஸ்டர் கோடி அற்புதர் அந்தோணியாரை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வேண்டாம்" என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. வெளியே வர மறுத்தது. ஆகவே கிளிகள்மேல் பழியைப் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். இதப் பின்னினவங்க கிளியப் பாத்ததே இல்லைன்னு நெனைக்கறேன்."

பாய் ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக் கிளிகளைப் பார்த்தார்.

"பாத்திருக்காங்க சார். எங்கூட்டு கொய்யா மரத்துக்குத் தெனமும் வரும். ஜன்னலோரம் உக்காந்து அதப் பாத்துப் பாத்துத்தான் ரசியா பின்னினா."

"ரசியான்னா..."

"எங்கூட்டுக்காரிங்க."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் சில்வஸ்டர் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பார்.

"முட்டி ஆபரேசன் ஆகி மாசக்கணக்காக் கட்டில்ல கெடந்தா சார். இனி நான் எதுக்கும் ஆவ மாட்டேன்னு ஒரே அழுவ. நாந்தான் ஊசியும் நூலும் வாங்கிக் குடுத்தேன். அவ பின்னினதுல மொதல்ல வித்தது உங்களுக்குத்தாங்க. எஸ்டேட் ஹெட் கிளார்க் சாரே வாங்கிட்டுப் போனாருன்னு ஊட்டுல போயிச் சொன்னேன். வாக்கர் புடிக்காம அடுப்படி வரைக்கும் நடந்து வந்து, 'மறுபடியும் சொல்லுங்க'ன்னா." பாய் ஸ்வெட்டரைத் தடவி மடித்தார். "அதனால என்னங்க சார். பிடிக்கலீன்னா குடுத்துருங்க. அவகிட்ட எதையாச்சும் சொல்லிக்கறேன்."

கல்லாவைத் திறந்தார். பணத்தை எடுத்தார். நீட்டினார்.

அந்தக் கையில் பணம் மட்டுமா இருந்தது? சனிக்கிழமை இருந்தது. ஜீப் இருந்தது. ராஜசேகர் இருந்தார். தூரத்தில் ஒரு யானைகூடக் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் போதும். மனிதர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதுகூட இல்லை.

சில்வஸ்டர் கையை நீட்டினார். நீட்டி, ஸ்வெட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாரு பாய் பிடிக்கலைன்னா? நான் சொல்ல வந்ததையே நீங்க முழுசாக் கேக்கல. கிளியப் பாத்துப் பின்னினா கிளி மாதிரி இருக்கும். இது அதுக்கும் மேல! ஊட்டுல இதே மாதிரி இன்னொண்ணு கேக்கறாங்க. கலர் மாறிறக் கூடாதுன்னு இதக் கையோட எடுத்துட்டு வந்தேன்."

பாயின் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ்! ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க சார், இதுக்கு ஜோடி!" குனிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து காகிதம் சுற்றி நூல் கட்டிய பொட்டலம் ஒன்று வந்தது. அது ஏன் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது என்று யோசிக்கிற நிலையில் சில்வஸ்டர் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, மூடுபனிக்குள் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்.

மெட்டில்டா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"அதாவது, போயி என்ன ஆச்சுன்னா..."

"பையக் காட்டுங்க."

சில்வஸ்டர் காட்டினார். ஒரு ஸ்வெட்டர் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் இன்னொன்று வந்தது. நாலு கிளிகள் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தன. இடி விழும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இடி விழவில்லை. மெட்டில்டா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எல்சா அண்ணி! வந்துருச்சுங்க அண்ணி. ஆமா, ரெண்டும். அதே கிளிதான், அச்சு அசல். சனிக்கிழம அண்ணன்கூட வாங்க, போட்டுப் பாத்துரலாம்."

சில்வஸ்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப உனக்கு இது பிடிச்சிருக்குதா?"

"பிடிக்காம? ரசியா கைங்க அது! கான்வென்ட்ல நானும் அவளும் ஒரே சிஸ்டர்கிட்ட முட்டியில அடி வாங்கிட்டுப் பின்னக் கத்துக்கிட்டவங்க. பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். போன் போட்டேன். ஜோடியாத்தான் பின்னினேன்னா. இன்னொண்ணைக் கட்டிக் கடைக்குக் குடுத்தனுப்பு, ஜோடி கேட்டு வர்ற ஆளுக்குன்னு சொன்னேன். யாருக்குன்னு பாய்கிட்டச் சொல்லாதடீன்னேன், அவருக்கு நடிக்க வராது. நம்ம சர்ச் திருவிழாவுக்கு நானும் எல்சா அண்ணியும் ஒரே மாதிரி போடப் போறோம்."

"எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே! ரெண்டு வேணும்னு!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சில்வஸ்டர் வாயைத் திறந்தார். "வேண்டாம்" நுனி நாக்கில் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் "அடுத்த மாசம்" வரிசையில் காத்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"அதான் திருப்பிக் குடுத்துட்டு வாங்கன்னேன்."

"ஒருவேள நான் நெஜமாவே குடுத்திருந்தா?"

"போணி நேரத்துல எந்தக் கடைக்காரர்கிட்டங்க குடுப்பீங்க? மொத வேலையாப் போங்கன்னு எதுக்குச் சொன்னேன்? குடுக்க வாய் வராம, இதுக்கு ஜோடி கேக்க வந்தேன்னுதான சமாளிப்பீங்க? அதையும் தாண்டிக் குடுத்திருந்தீங்கன்னா, அது என் புருசனே இல்லீங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. டீ டம்ளர் ஒன்றும் அவர் முன்னால் வந்தது. மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். எலுமிச்சை மஞ்சள் அவளுக்கு நன்றாகவே இருந்தது. சில்வஸ்டருக்குக்கூட ஒரு நிமிஷம் மசினகுடி மறந்துபோயிற்று.

அப்போதுதான் மெட்டில்டா காலிப் பையை மடிக்க எடுத்தாள். அது காலியாக இல்லை. இரண்டு விரலால் அந்த அழுக்குப் பச்சை மங்கி குல்லாவை வெளியே தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத யாரு கேட்டா? நாளைக்குக் காலையில மொத வேலையாப் போயித் திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க."