பார்சல் அண்ணனும் பச்சை மீனும்

மதுரையில் எந்தச் சாப்பாடு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று இன்னமும் கூகுளைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பாவம், அவர்களுக்குப் பார்சல் அண்ணனைத் தெரியாது.

பசுமலையில் ஒரு மாடி அறையில் நானும் அவரும் சேர்ந்து குடியிருந்தோம். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற வேலை அவருக்கு. மெஷின் விற்றதோ இல்லையோ, அந்தச் சாக்கில் ஊரிலுள்ள அத்தனை கடைகளையும் ருசி பார்த்துவிட்டார். ஆனால் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். "சாப்பாடு பொட்டலத்துக்குள்ள கொஞ்ச நேரம் புழுங்கணும் மாப்ள. அப்பத்தான் பக்குவம் வரும்" என்பார். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே பந்தியில் உட்காராமல், பார்சல் கட்டச் சொல்லி வாங்கிப்போய் மண்டப வாசலில் பைக் சீட்டின் மேல் வைத்துச் சாப்பிட்டவர்.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் பாய். அவர் மகன் ரியாஸ் கப்பலில் வேலை பார்த்தான். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து ஊர் வந்தவன், கம்பெனி மறுபடி கூப்பிடுமா என்ற கவலையில் கட்டிலோடு ஒட்டிக்கொண்டான். பேச்சில்லை. போன தட்டு அப்படியே திரும்பி வரும். பாயும் அவர் சம்சாரமும் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தம்பி, என்ன வேணும்னாலும் கேளு. மதுரையில கிடைக்காத பார்சலா?"

அவரை விரட்டினால் போதும் என்று நினைத்தானோ என்னவோ, ரியாஸ் வாய் திறந்தான். "போக்கே வேணும்ணே."

"அப்படின்னா?"

"ஹவாய்த் தீவுல விப்பாங்க. பச்சை மீனைத் துண்டு போட்டு, சோயா சாஸும் நல்லெண்ணெயும் ஊத்திப் பெசறி, சோத்து மேல வச்சுத் தருவாங்க."

"சரி, மீன் எப்ப வேகும்?"

"வேகாதுண்ணே."

அண்ணன் முகம் வெளிறியது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே!

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். 'போக்கே எங்கே கிடைக்கும்?' என்று கேட்ட இடமெல்லாம் அவரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் ரோஜாவும் ஜெர்பராவும் வைத்து அழகாக ஒரு பூங்கொத்து 'பொக்கே' கட்டி நீட்டினார்.

"இதுல மீன் எங்க இருக்கு?" என்றார் அண்ணன்.

"அண்ணே, காலையிலயேவா?" என்றார் பூக்கடைக்காரர்.

அண்ணா நகரில் ஒரு புதுக் கடையின் மெனுவில் அது இருந்தது. அறைக்குக் கொண்டுவந்து பிரித்தால், நன்றாக முறுகிய வறுத்த மீன். போன் போட்டுச் சத்தம் போட்டார். "நீங்க பச்சையாத்தான் கேட்டீங்க சார். எங்களுக்கு மனசு கேக்கலை" என்றார்கள். ஒரு ஜிம் வாசல் கடையிலோ, டப்பா மீனை ஓட்ஸ் மேல் கொட்டிக் கொடுத்தார்கள்.

கடைசியில் அவனியாபுரத்தில் ஓர் அம்மா அகப்பட்டார். வெளிநாட்டு ஓட்டலில் வேலை பார்த்துத் திரும்பியவர். தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வரும் சூரை மீனை வைத்து வீட்டிலேயே செய்தார். "உக்காந்து சாப்பிட எடமில்லைங்க. பார்சல் மட்டுந்தான்" என்று அவர் சொன்னதும் அண்ணன் கைகூப்பிவிட்டாராம்.

முதல் பொட்டலம் எங்கள் அறைக்கு வந்தது. "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? மொதல்ல நான் தின்னு பாக்குறேன். நாளைக்கு நான் எந்திரிச்சா அவனுக்கு வாங்குவோம்" என்றார். கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, ஒரு துண்டை விழுங்கினார். ஊசி போடக் காத்திருப்பவர் போல விறைத்து உட்கார்ந்தார்.

"உள்ள நீந்துதாண்ணே?"

"பேசாத மாப்ள. பேசுனா மேல ஏறி வரும்."

சற்றுப் பொறுத்து ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு டப்பாவையே வழித்துவிட்டார். விடிந்ததும், "மாப்ள, நான் உசுரோட இருக்கேன்!" என்ற சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

அன்று கத்திரி வெயில். மடியில் ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். "பெட்டியில என்னண்ணே, ரத்தமா?" என்று பக்கத்துப் பெண் கேட்க, "அதைவிட அவசரம்மா" என்றார். அதைக் கேட்ட டிரைவர், நடுவில் இறங்க வேண்டியவர்களையும் சேர்த்துப் பசுமலைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

ரியாஸ் ஒரு துண்டை வாயில் போட்டான். நாங்கள் சுற்றி நின்றோம்.

"நல்லெண்ணெய் கூடிப்போச்சு" என்றான். இன்னொரு துண்டு. "வெங்காயத்தை இம்புட்டுப் பெருசா வெட்டக் கூடாதுண்ணே. அங்க ஒரு கெழவன் வெட்டுவான் பாருங்க..." கிழவனில் தொடங்கி, துறைமுகம், மழை, கூட வேலை பார்த்தவர்கள், கடைசியில் அந்த ஏணி என்று அத்தனை நாள் அடைத்துக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. "அத்தா, நீங்களும் ஒரு வாய் தின்னுங்க" என்று நீட்டினான். பாய் பிஸ்மில்லா சொல்லி, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு விழுங்கினார். கண்ணில் வந்த தண்ணீருக்கு மிளகாயைக் காரணம் சொன்னார்.

அண்ணனைக் காணவில்லை. தேடினால், மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கொறை சொல்றான் மாப்ள! அம்புட்டுக் கொறை சொல்றான்!" என்று சிரித்தார்.

ஐஸ் உருகி நனைந்த அவர் பேன்ட்டிலிருந்து மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.