போலந்துக்காரர் பார்த்த பூசணிக்காய்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சந்தோஷம் வந்துவிட்டால் காது அடைத்துவிடும். எதிராளி என்ன சொன்னாலும் "ஓகே சார், ஓகே சார்" என்று தலையை ஆட்டிவிடுவேன். பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான் ஆட்டினேன். (அதில் மட்டும் இன்றுவரை நஷ்டமில்லை. கல்பனா இதைப் படிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை.)

அப்போது நான் புதுவாயல் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஆர்கான் வெல்டர். ஊர் ஆரம்பாக்கம். ஒருநாள் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும்போது சென்னை ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. போலந்தில் ஒரு கம்பெனிக்கு என் பேப்பரெல்லாம் பிடித்துவிட்டதாம். அங்கிருந்து ஒருவர் வீடியோ காலில் நான் வெல்டிங் அடிப்பதை நேராகப் பார்ப்பாராம். அவருக்குத் திருப்தி என்றால் கம்பெனியே அங்கே அரசாங்கத்திடம் விண்ணப்பித்து, என் பெயரில் வொர்க் பர்மிட் எடுத்துக் கொடுக்குமாம். அப்புறம் ஒரு தேதி சொன்னார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த பர்மிட்டுக்காக நான் ஏன் அப்படித் தவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்பனாவின் அத்தை மகன் ஒருவன் டூரிஸ்ட் விசாவில் ஏதோ ஒரு நாட்டுக்குப் போய், ஒரு ஓட்டல் சமையலறையில் ஒளிந்து வெங்காயம் உரித்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தவன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கல்பனா போட்டது ஒரே சட்டம்தான்.

"கம்பெனிக்காரனே உன் பேரு போட்டு பர்மிட் எடுத்துக் குடுத்தான்னா போ. இல்லாங்காட்டி வாசப்படி தாண்டாம இங்கியே கெட."

அதனால் அன்று மாலை நான் சேதி சொன்னதும் கல்பனா கையிலிருந்த கரண்டியோடு குதித்தாள். நானும் குதித்தேன். குதித்து முடித்து காலண்டரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யோவ்! அன்னிக்கு ஆயுத பூஜைய்யா!"

ஆயுத பூஜை என்றால் எங்கள் தொழிற்பேட்டை முழுக்க ஒரு மிஷின் ஓடாது. துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு அம்மன் முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக் கூடாது. ஏஜென்சிக்கு போன் போட்டுத் தேதியை மாற்றச் சொன்னேன். "மாத்தலாம் தம்பி. ஆனா அந்த சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும், பரவால்லியா?" என்றார்கள்.

ஒரே வழி முதலாளியைக் கேட்பதுதான். சூளூர்ப்பேட்டை பக்கத்திலிருந்து வந்து ஷெட் போட்டவர். நாங்கள் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேலையை விட்டு ஓடுவதற்கு, அதுவும் பூஜை அன்றைக்கு, அவருடைய மிஷினையே கேட்கிறோமே என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். கேட்டதும் நைனாவின் முகம் சுருங்கியது. அப்புறம் மெதுவாக விரிந்தது.

"போலந்துக்காரன் நம்ம ஷெட்ட பாக்கறானா?"

"ஆமா நைனா."

"டேய் பாஷா, அந்த ட்யூப்லைட்ட எல்லாம் மாத்துடா! செவுத்துக்கு வெள்ளை அடிக்கணும்! மிஷின் மேட்டர நான் பாத்துக்கறேன், போ!"

அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் இந்தக் கதை.

பூஜை அன்று ஷெட் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. வாழைமரம், மாவிலைத் தோரணம், சீரியல் லைட். நானும் புது வேட்டி, புது வெள்ளைச் சட்டை. என் வெல்டிங் ஹெல்மெட்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம், போதாக்குறைக்கு ஒரு சாமந்திப்பூ. எங்கள் ஷெட் ஹெல்பர், பழவேற்காட்டுக்காரனான பாஷா, பூஜை தொடங்குவதற்கு முன்பே பொரிக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். கேமரா பிடிப்பது அவன் வேலை. "போன ஆட்டாத புடிக்கணும், இன்னா நடந்தாலும் என் மேலயே வெச்சிக்கினு இரு" என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். (அதை நான் சொல்லியிருக்கவே கூடாது.)

வீடியோ கால் வரவேண்டிய நேரம் நெருங்கியது. நைனா தன் திட்டத்தை எடுத்துவிட்டார்.

"எல்லா மிஷினும் இன்னிக்கு லீவுலதான் இருக்கணும். உன் மிஷினுக்கு மட்டும் தனியா பூஜை போட்டு, தனியா பூசணிக்கா ஒடச்சி, லீவ முடிச்சி விட்டுர்லாம். அதுக்கு நாளைக்கு காலைல ஆயிட்ச்சின்னு வெச்சிக்கோயேன்."

சாஸ்திரத்தில் இதற்கு இடமுண்டா தெரியாது. ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையை விட்டுப் போகப்போகிறவனுக்கு எந்த முதலாளி பூசணிக்காய் வாங்குவார்? அதுவும் சின்னக் காய் இல்லை, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கவேண்டிய காய். உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, மிஷினையும் என்னையும் சேர்த்துச் சுற்றி, என் மேஜைக்கு முன்னால் ஓங்கிப் போட்டார். சுவரெல்லாம் சிவப்பு. என் வேட்டியெல்லாம் சிவப்பு. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

திரையில் மாரெக் என்பவர். மெலிந்த முகம், கண்ணாடி. அந்தக் கம்பெனியில் வெல்டிங்குக்கும் பாதுகாப்புக்கும் அவரே அதிகாரி. சிரிக்கவே இல்லை. முதல் கேள்வியே, "பாதுகாப்புச் சாதனங்களைக் காட்டுங்கள்."

நான் ஹெல்மெட்டைக் காட்டினேன். சாமந்திப்பூவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கையுறையைக் காட்டினேன். அதிலும் பொட்டு.

"ஷூ?"

ஷூ வெளியே இருந்தது. அம்மன் படம் இருக்கும் இடத்துக்குள் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு எவன் வருவான்? நான் இங்கிலீஷில் யோசிக்கத் தொடங்குவதற்குள், சொன்ன சொல் தவறாத பாஷா போனை என் காலடிக்கு இறக்கிவிட்டான். மாரெக் பார்த்தது இதைத்தான்: ஒரு வெல்டரின் வெறுங்கால், அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் குளம், சதை சதையாகத் துண்டுகள், பின்னால் பொரி தின்றுகொண்டு நிதானமாக நடந்து போகும் நாலு பேர்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ப்ளட்! யாருக்கு அடி? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்!"

"நோ சார், நோ ப்ளட்! பம்ப்கின் சார்!"

"பம்ப்கின்?"

"எஸ் சார். பிரேக்கிங் சார். ஃபார் சேஃப்டி சார்!"

"சேஃப்டிக்காகவா? ஆட்கள் நடக்கும் தரையில் போட்டா உடைத்தீர்கள்?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எனக்குப் பட்டது. ஆனால் பதில் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை, பர்மிட் கையைவிட்டுப் போகிறது என்ற பதற்றம் மட்டும் ஏராளமாக இருந்தது. ஷூவையாவது கொண்டுவந்து காட்டி மானத்தைக் காப்பாற்றலாம் என்று, "ஒன் மினிட் சார்!" என்று கத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன்.

இரண்டாவது எட்டிலேயே பூசணிக்காய் சதையில் கால் வைத்தேன். ஒரு கால் மீஞ்சூர் பக்கம் போனது, இன்னொன்று ஆந்திரா பக்கம் போனது. மல்லாக்க விழுந்து, அந்தச் சிவப்புக் குளத்தில் வழுக்கிக்கொண்டே போய் வாழைமரத்தில் முட்டி நின்றேன். மரம் சரிந்தது. என்னைத் தூக்க ஓடிவந்த நைனாவும் அதே இடத்தில் கால் வைத்து, "தாயே!" என்றபடி என் மேலேயே வந்து விழுந்தார். இத்தனைக்கும் நடுவில் பாஷா இருக்கிறானே, போனை இம்மிகூட ஆட்டவில்லை. விழுந்த என்னைத் தொடர்ந்து வந்து, கிட்டத்தில் நிறுத்தி, முகத்தையும் தெளிவாகக் காட்டினான்.

முடிந்தது, போலந்து போயே போச்சு என்று அப்படியே கிடந்தேன். கல்பனாவிடம் என்ன சொல்வது என்பதுதான் என் நெஞ்சில் ஓடிய ஒரே நினைப்பு. பிறகு மாரெக்கின் குரல் வந்தது, ரொம்ப மெதுவாக.

"எழுந்து நிற்க முடிகிறதா?"

"எஸ் சார்."

"முதலில் தரையைக் கழுவுங்கள். இரண்டு பேரும் ஷூ போடுங்கள். அப்புறம் வெல்டிங். நான் காத்திருக்கிறேன்."

காத்திருந்தார்! நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே துடைப்பத்தை எடுத்துவிட்டார். நான் தண்ணீர் ஊற்ற, அவர் பெருக்க, மாரெக் போலந்திலிருந்து "மூலையில் இன்னும் இருக்கிறது" என்று சொல்லச் சொல்ல, அந்த ஷெட் கட்டிய நாளிலிருந்து காணாத சுத்தத்தைக் கண்டது. ஷூ போடவேண்டுமே, அம்மன் இருக்கிறாளே? நைனா படத்தைப் பயபக்தியோடு தூக்கி, "தாயே, புள்ள பொழைக்கணும், செத்த நேரம் ஏசி ரூம்ல குந்திக்கோ" என்று ஆபீஸ் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

பிறகு வேலைக்குப் போடும் பேண்ட்டையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு நான் வெல்டிங் அடித்தேன். போலந்து, பர்மிட் என்ற நினைப்பெல்லாம் ஆர்க் எரியும் வரைதான். அதற்கப்புறம் பைப்பும் நெருப்பும் நானும் மட்டும்தான். ஜாயின்ட்டைக் கிட்டே காட்டச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாரெக் முதல் தடவையாகச் சிரித்தார். வெல்டிங்குக்குத்தான் சிரித்தார் என்று நான் நம்பினேன்.

பர்மிட் வந்தது! கொஞ்ச மாதம் இழுத்தாலும், கம்பெனி பெயரும் என் பெயரும் போட்டு ஒருநாள் காலை போனில் வந்து விழுந்தது. போலிஷ் மொழியில் ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும் கல்பனா அதை மேலிருந்து கீழ் வரை படித்தாள். அப்புறம் நிலைவாசலைக் காட்டி, "இப்ப தாண்டிக்கோ" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அங்கே போன முதல் நாள் எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. நேபாளம், பிலிப்பைன்ஸ், உக்ரைன் என்று ஒரு ஹால் நிறைய புது ஆட்கள். விளக்கை அணைத்து, 'வழுக்கி விழும் ஆபத்து' என்ற தலைப்பில் மாரெக் ஒரு வீடியோ போட்டார். சிவப்பாக ஒரு தரை. ஒரு வெறுங்கால். அடுத்த நொடி நான் பெரிய திரையில் வாழைமரத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தேன். நைனா வந்து விழுந்தபோது ஹாலே அதிர்ந்தது. அந்த வீடியோ காலைப் பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கம்பெனி முன்பே மெயிலில் கேட்டிருக்கிறது. நானும் பதில் போட்டிருக்கிறேன். வேறென்ன, 'ஓகே சார்.'

இன்றும் ஒவ்வொரு புது பேட்சும் என் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன் நான் விழுந்ததைத் தெரிந்துகொள்கிறது. 'பம்ப்கின்' என்று கேட்டால் கேன்டீன் அம்மாகூட என்னைக் கை காட்டுவார்.

ஊரில் நிலைமை அதைவிட மோசம். நான் விழுந்ததால்தான் பர்மிட் வந்தது என்று ஷெட்டே முடிவு கட்டிவிட்டது. வெளிநாடு போக ஆசைப்படும் பாஷா, மறு வருஷம் உடைத்த பூசணிக்காய் மேல் வெறுங்காலோடு வேண்டுமென்றே நடந்து பார்த்தானாம். "நடக்கக் கூடாதுடா, வழுக்கணும்" என்று நைனா திருத்தியிருக்கிறார்.

போன ஆயுத பூஜைக்கு நான் லீவில் வந்திருந்தேன். கல்பனாவும் கூட வந்தாள். பூசணிக்காய் உடைந்ததும் நான் போலந்துப் பழக்கத்தில் துடைப்பத்தைத் தேடினேன். ஷெட்டே என்னை ஏமாற்றத்தோடு பார்த்தது.

"இன்னாடா, பசங்க அவ்ளோ ஆசையா பாத்துக்கினு இருக்கறானுங்க" என்றார் நைனா. "ஒரே ஒரு தபா வுழுந்து காட்டேன்."

நான் கல்பனாவைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

"ஓகே நைனா" என்றேன்.

விழுந்தேன். இந்த முறையும் பாஷாவின் கை ஆடவில்லை.