ஸ்கூட்டர் விவகாரத்தில் என் சரணடைவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் ரத்தக்கொதிப்பும் சௌக்கியம். அங்கு நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சௌக்கியம் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். நீதான் போனை எடுப்பதில்லையே.

தெருமுனையில் நான் ஸ்கூட்டரோடு சாய்ந்ததை யாரோ உனக்குச் சொல்லப்போக, நீ போன் பண்ணி, "இனிமே அதுல ஏறினீங்கன்னா என்கூடப் பேசாதீங்க" என்றாய். "சரி, பேசல" என்றேன். வெளியுறவு அலுவலகத்தில் காலமெல்லாம் ஒப்பந்தங்களை மொழிபெயர்த்தவன் வாயில் வரவேண்டிய பேச்சா அது? அன்றிலிருந்து நமக்குள் இருப்பது வெறும் போர்நிறுத்தம். சட்டப்படி அதற்குச் சுடுவதை நிறுத்தியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம், போர் முடிந்ததாகாது. முடியவேண்டுமென்றால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடவேண்டும். தூது போகச் சொல்லி மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மாமா, அப்பா பொண்ணு விஷயத்துல நான் தலையிடமாட்டேன், என்னை விட்டுடுங்க" என்று நடுநிலை நாடாகிவிட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

சரி, எதிர்வீட்டில் உன் சிநேகிதி இருக்கிறாளே, பார்த்தால் உனக்குச் சொல்லுவாள் என்ற நப்பாசையில் மாடிக் கம்பியில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினேன். "அங்கிள், மழை வரப்போகுது, துணியை எடுங்க" என்றாள். நாட்டு விவகாரம், எடுப்பேனா? அது நனைந்து கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்ட, அவர் மேலே வந்துவிட்டார். வெள்ளைக்கொடி என்றால் தோற்றுவிட்டான் என்று எல்லாரும் நினைப்பது தப்பு, பேச வருகிறேன், சுடாதே என்பதுதான் அதன் பொருள் என்று படியிலேயே நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்ல வேற யாரும் இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன்.

அதன் பிறகுதான் சரணடைவது என்று தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று நிபந்தனை போடலாம். ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் நீ மீறவும் முடியாது. ஆனால் அதற்கு நீ அங்கிருந்தபடியே "சரி" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவாய். நிபந்தனையற்ற சரணடைவு அப்படியில்லை. தோற்றவன் ஒன்றும் கேட்க முடியாது, வாஸ்தவம். ஆனால் ஜெயித்தவன் தூரத்தில் இருந்தபடியே ஜெயித்துவிட்டுப் போகவும் முடியாது. நேரில் வந்து பொறுப்பெடுக்கவேண்டும். அங்கிருக்கிறவன் சாப்பிட்டானா, மருந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது ஜெயித்தவன் கடமை. இதை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். உன் அம்மா போன பிறகு, இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் தோற்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று புரிகிறது.

ஆகவே நிபந்தனையின்றிச் சரணடைகிறேன். சாவியை நேரில்தான் ஒப்படைக்கமுடியும். தபாலில் அனுப்பும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. நீ வந்து நாலு நாள் தங்கி நிர்வாகம் பண்ணவேண்டும். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா.

மூவருக்கும் என் ஆசிகள். நடுநிலை நாட்டுக்கு என் அன்பைத் தனியாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன அப்பா

பி.கு.: கண்ணு, மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு. நீ போனை வெச்ச மறுநாளே ஸ்கூட்டரை வித்துட்டேன். ஒப்படைக்க இங்க சாவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதல்லயே சொன்னா, பிரச்சினைதான் தீந்துபோச்சேன்னு நீ வராமலே இருந்துடுவியோன்னு பயம். வேணும்னா வந்து சண்டை போடு. ஆனா வா.