கதவைத் திறங்க: வல்லினம் மிகும்

மனித குலம் வாயைத் திறந்த நாள் முதல் தேடிக்கொண்டிருந்த ஒன்றை எங்கள் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை கண்டுபிடித்தேவிட்டது. ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே தொடர்பில் இருப்பது எப்படி என்பதுதான் அது.

இனிப் பாடம், பரீட்சை, வருகைப்பதிவு, திட்டு எல்லாமே சமூக வலைத்தளத்தில், துறையின் பக்கத்தில்தான் என்று துறைத்தலைவர் அறிவித்தார். அறிவித்தார் என்றால் வாயால் அல்ல, பதிவு போட்டார். எதிர் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே நாங்கள் 'விருப்பம்' தெரிவித்தோம். மொழிநடை கற்பிக்கும் நான், மூத்தவள் என்ற முறையில், ஓர் இதயமும் சேர்த்துப் போட்டேன்.

அந்த வாரப் பாடம் 'நெருக்கடிகாலத் தொடர்பு'. மாணவர்கள் ஆளுக்கொரு நெருக்கடியைக் கற்பனை செய்து பதிவிட வேண்டும். ஒருவன் நூலகத்தில் வெள்ளம் என்றான். ஒருத்தி மொட்டை மாடியில் சிறுத்தை என்றாள். சிறுத்தைக்கு நல்ல வரவேற்பு.

இந்த நேரம் பார்த்துத்தான் 'ஸ்பீக்கர்' ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். மூன்றாம் ஆண்டு மாணவி. நாலு வகுப்பறை தாண்டியும் கேட்கிற குரல் என்பதால் அந்தப் பட்டம். அன்று இரண்டு மணிக்கு வானொலி நிலையத்தில் அவளுக்கு அறிவிப்பாளர் வேலைக்கு நேர்காணல். ஒரே ஓர் இடம்தான் காலி. கொஞ்சம் வாசித்துப் பழகிக்கொள்ளலாமே என்று போனவள் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

அந்த அறையைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. போன் சிக்னலும் நுழையாது. துறையின் வைஃபை மட்டும் நுழையும். அதிலும், மாணவர் கவனம் சிதறக்கூடாது என்று, துறைப் பக்கம் ஒன்றே திறக்கும். வேறு வழியில்லாமல் அவள் அங்கே எழுதினாள்: "ஒலிப்பதிவு ரூம்ல மாட்டிக்கிட்டேன். யாராவது வந்து கதவை திறங்க. ரெண்டு மணிக்கு இன்டர்வியூ."

பக்கத்து அறையில் துறைக் கூட்டத்தில் இருந்த நாங்கள் அனைவரும் உடனே படித்தோம். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஒரு எதார்த்தம்" என்றார். சிறுத்தை அளவுக்குக் கற்பனை இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். நான் என் கடமையைச் செய்தேன்: 'கதவைத் திறங்க. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும்.'

பதில் வந்தது: "கதவைத்த்த் திறங்க மேடம். எத்தனை 'த்' வேணுமோ போட்டுக்கங்க, ஆனா வந்து கதவை திறங்க."

திரும்பவும் அதே பிழை. அரை மதிப்பெண் குறைத்தேன்.

அப்போது அவளுடைய அக்கா உள்ளே வந்தாள். நேர்காணலுக்குக் கூட்டிப்போக வாசலில் ஸ்கூட்டரோடு நின்றுநின்று பார்த்து, போனும் போகவில்லையே என்று தேடி வந்திருந்தாள்.

"என் தங்கச்சி எங்க சார்?"

"பக்கத்துலதான் இருக்காங்க" என்றார் தலைவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்தப் பக்கத்துல?"

"துறைப் பக்கத்துல."

அக்கா இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் நாங்கள்தான்.

"ஆளு எங்கன்னு கேக்கறேன் சார்."

அவள் பாடப்பயிற்சியில் இருக்கிறாள், குறுக்கே பேசக்கூடாது, பேசித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் பக்கத்தைப் பின்தொடர வேண்டும் என்று விளக்கப்பட்டது. "யாரைப் பின்தொடரணும்னு கையைக் காட்டுங்க மேடம், நடந்தே வரேன்" என்றாள் என்னிடம். பாவம், வேறு துறையில் படித்தவள். கடைசியில் கோரிக்கை அனுப்பினாள். அது 'பரிசீலனையில்' இருந்தது. பரிசீலிக்க வேண்டியவள் நான். நான் கூட்டத்தில் இருந்தேன்.

இரண்டு மணி ஆனது. இரண்டரையும் ஆனது. ஸ்பீக்கரிடமிருந்து பதில்கள் நின்றுபோயின. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், பிறகு தெரிந்தது. "உச்சக்கட்டத்துல மௌனம். யாருக்கு வரும்?" என்று தலைவர் உருகினார். இந்த வெற்றியைப் பற்றி உடனே ஒரு காணொளியில் பேசிவிட வேண்டும் என்று எழுந்தார். அதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் அல்லவா? நேரே ஒலிப்பதிவு அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் கைப்பிடியோடு.

"அட, நீ இங்கதான் இருக்கியா? உன்னைப் பத்திப் பேசத்தான் வந்தேன். கொஞ்சம் வெளியில இரும்மா" என்றார் தலைவர். நல்ல செய்தியை ஒளிப்பானேன் என்று அதையும் சொன்னார். "உன் பதிவு நாலாயிரம் பேருக்கு எட்டியிருக்கு, தெரியுமா?"

கத்திக் கத்தி அவள் குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எட்டிச்சு சார். பக்கத்து ரூம்லேர்ந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. என் வேலை போச்சு."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பிரமாதமான வரி. இதையும் ஒரு பதிவாப் போட்டுடும்மா."

அவள் போடவில்லை. கைப்பிடியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அக்காவோடு படியிறங்கிப் போனாள்.

பதிவாக வராத எதையும் எங்கள் துறை தொடர்பு என்று ஏற்பதில்லை. ஆகவே நாங்கள் அத்தனை பேரும், காதாரக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கூட்டக் குறிப்பில் ஒருமனதாக எழுதிக் கையெழுத்திட்டோம்: 'மாணவியிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.'